முருகனும் என் ஓமும்

லண்டன் டூட்டிங்கில் முதன்முதலில் முருங்கைக்காய் விற்றவன் நான். இன்று அந்த வீதியில் எத்தனையோ கடைகளில் அது கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் யாரும் என்னை நினைப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு, இந்த நாட்டில் வந்து இறங்கியபோது தெரிந்த ஆங்கிலம் 'யெஸ் சேர்' மட்டும்தான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கோப்பை கழுவினேன். பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றேன். பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். ஒன்று இரண்டாகியது. மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்தேன். மகளைக் கணக்காளர் ஆக்கினேன். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் கூட்டுவழிபாடு நடத்துகிற மண்டபத்தில், நீங்கள் எல்லோரும் செருப்பு வைக்கிறீர்களே, அந்த இறாக்கையும் என் கையால் அடித்ததுதான். ஒரு ஆணிகூட இன்றைக்கு வரைக்கும் கழலவில்லை.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது என்பதால் சொல்கிறேன்.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்காரனும் முருங்கைக்காய் விற்கத் தொடங்கியதும் என் கடைகள் இரண்டும் போயின. வியாபாரத்தைக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான், இழந்தவனும் நான்தான். அதற்குப் பிறகு சிவம் என்பவருடைய மொத்தவியாபாரக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சிவத்துக்கு வெங்காய மூட்டையைத் தூக்கிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லப் பழக்கியதே நான்தான். ஒரு காலத்தில் அவர் என் கடையில் நின்றவர். இப்போது நான் அவரிடம் நின்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு நாளும் பிந்திப் போனதில்லை.

போன வருடம் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு சிவம் என்னிடம் தேத்தண்ணியோடு வந்தார். முதலாளி தானே தேத்தண்ணி கொண்டு வருகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அண்ணை, நீங்கள் உழைச்சது காணும். இனிக் கொஞ்சம் வீட்டிலை ஆறுதலா இருங்கோவன். தேவையெண்டால் நானே போனிலை கோல் எடுக்கிறன்."

"ஏன், நான் களைச்சுப்போனன் எண்டு ஆர் சொன்னது?"

"சீச்சீ. உங்கடை உடம்பு இரும்பெல்லோ. அதுதான், இரும்பைப் பழுதாக்காமல் வைச்சிருப்பம் எண்டு சொல்லுறன்."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கோல் வரவில்லை. அடுத்த கிழமை நானே போய்ப் பார்த்தேன். என் இடத்தில் வேறொருவர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் பிழையாக அடுக்கினார். நம்முடைய ஆட்கள் ஒருவரை வேலையால் நிறுத்துகிற முறை இதுதான். நிறுத்துகிறேன் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கடுதாசியும் தர மாட்டார்கள். ஆறுதலாக இருக்கச் சொல்வார்கள்.

பென்ஷன் எடுக்கிற வயதுக்கு எனக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற பெனிபிட் காசுக்காக வாழ்க்கையில் முதல் தடவையாக ஜொப் சென்டர் வாசலை மிதித்தேன். மகள் சுதா ஹரோவில் இருந்து கூட வந்தாள். அவர்களுடைய நிபந்தனை எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். வாரம் முழுவதும் வேலை தேட வேண்டும், தேடியதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், கூப்பிடுகிற நேரத்துக்குப் போய் முன்னால் இருக்க வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் அவளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை, சி.வி. இருக்கிறதா என்று கேட்டான்.

"டூட்டிங் ரோட்டிலை மேலையும் கீழையும் ஒருக்கால் நடந்து பாக்கச் சொல்லு. அதுதான் என்ரை சி.வி." என்றேன்.

சுதா அதை மொழிபெயர்க்கவில்லை.

சில நாளில் பெனிபிட் அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. ஏன் வேலை போனது என்று விசாரிக்கிறார்களாம். அவர்களே மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் இணைத்திருந்தார்கள். குரலைக் கேட்டவுடன் தமிழ்நாட்டுப் பிள்ளை என்று தெரிந்தது.

"சார், அவங்க சொல்றதை நான் தமிழ்ல சொல்றேன். நீங்க பதில் சொல்லுங்க. சரிங்களா?"

"ஓம், சொல்லுங்கோ பிள்ளை."

அவள் சொன்னாள், நான் கேட்டேன். நன்றாக, மரியாதையாகத்தான் கதைத்தோம். போனை வைக்கும்போது இது சுகமாக முடிந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

கிறிஸ்மஸ் நேரம் முடிவு வந்தது. என் பங்குப் பெனிபிட்டை வெட்டிவிட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் இவர் தன் விருப்பத்தில் வேலையை விட்டிருக்கிறார், போனில் கேட்டபோது அவரே யெஸ் என்று ஒத்துக்கொண்டார் என்று இருந்தது. வாடகைக்கு என்று அவர்கள் தருகிறது முழு வாடகைக்குப் போதாது. சாப்பாட்டுப் பங்கில் இருந்து எடுத்துத்தான் மிச்சத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். வெட்டியது அந்தப் பங்கை. அது வராவிட்டால் வீட்டை விட வேண்டும், வீட்டை விட்டால் மகளின் வீட்டு மேலறைக்குப் போக வேண்டும்.

சுதா நல்ல பிள்ளை. "அப்பா, மேல் ரூம் சும்மாதானே கிடக்கு, ரெண்டு பேரும் வாங்கோ" என்றாள். அவள் சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை பேருக்கு இடம் கொடுத்தவன், கடைசியில் ஒருவருடைய சும்மா கிடக்கிற அறையில் போய்க் கிடப்பதா?

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லை!" என்று வீட்டில் நின்று கத்தினேன். என் மனைவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சொன்னனியள்."

"என்ன சொன்னனான்?"

"ஓம் எண்டனியள். போன் மேசையிலை கிடந்து பெரிசாக் கத்தினது. நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். அந்தப் பிள்ளை வாய் திறந்தால் ஓம். மூச்சு விட்டாலும் ஓம்."

"அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம்!"

"எனக்குச் சொல்லுறியளே? கலியாணம் முடிச்ச நாள் துவங்கி அந்த ஓமோடைதானே சீவிக்கிறன். தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டால் ஓம் எண்டுவியள். ஒரு நாளாவது தேங்காய் வந்ததே?"

அவள் சொன்னது சரி. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். எதிரில் ஒருவர் கதைத்தால் இடைக்கிடை ஓம், ஓம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதைக்கிறவருக்கு அவமரியாதை. அந்த ஓமுக்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. என் காது உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சம்மதத்துக்கும் எங்களிடம் அதே சொல்தானே இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஓமையும் எடுத்து யெஸ் என்று கொடுத்துவிட்டாள். அவளில் பிழை இல்லை.

முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லிச் சுதா எழுதினாள். ஓம் என்பது எப்போதும் யெஸ் இல்லை என்று விளக்கி எழுதினாள். பதில் வந்தது. யெஸ் என்று சொன்னவர் பணம் நின்றதும் நோ என்கிறார், அதோடு முதலாளியும் அவர் தானாகத்தான் போனார் என்று சொல்லியிருக்கிறார். முடிவு மாறாது.

சிவத்திடம் போனேன். என்னை நிறுத்தியது நீதான் என்று இரண்டு வரி எழுதித் தா என்று கேட்டேன். சிவம் காதைப் பொத்தினார்.

"ஐயோ அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்? உங்களை நான் நிப்பாட்டினனான் எண்டு என்ரை கையாலை எழுதுறதே? சனம் காறித் துப்பும். நீங்கள் என்ரை குருவெல்லோ."

"அப்ப ஆர் என்னை நிப்பாட்டினது?"

"ஒருத்தரும் நிப்பாட்டேல்லை அண்ணை. நீங்கள் ஆறுதலா இருக்கிறியள்."

மரியாதையும் மனிதனைக் கொல்லும் என்பதை அன்றைக்குப் படித்தேன்.

இனி டிரைபியூனல் என்கிற நீதிமன்றம் ஒன்றுதான் மிச்சம் என்றாள் சுதா. அதற்கு அப்பீல் போட்டாள். நாள் வரும் வரைக்கும் காத்திருந்தோம். வேலை தேடுவதை மட்டும் நான் விடவில்லை. அதிலும் பிழை பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு நான் அப்போது வராததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். டூட்டிங்கில் ஏறினால் மாறாமல் போகலாம். ஆனால் யோசனையில் எட்ஜ்வேர் பக்கம் போகிற ரெயினில் ஏறி, கேம்டனில் இறங்கி மாறினேன். பிறகு அந்த மேட்டில் நடந்து ஏறினேன். குளிர்.

முருகன் முன்னால் நின்று நான் அழவில்லை. இதுவரைக்கும் என்னென்ன செய்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் கும்பிடுவேன். என் மனைவிக்கு அது பிடிக்காது. "சாமிக்கு முன்னாலையும் உங்கடை சி.வி.யே?" என்பாள். அன்றைக்குப் பாதி சொல்லும்போதே நின்றுவிட்டது. என்ன சொல்லியும் இந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க ஏலாது என்று விளங்கியது. தலையைத் தூக்கினேன். மேலே 'ஓம்' எழுத்து விளக்கு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். தகப்பன் சிவபெருமானுக்கே ஓம் என்பதற்குப் பொருள் சொன்ன பிள்ளை இவர்.

"முருகா," என்றேன், "நான் விழுந்தது உன்ரை சொல்லிலை. வேறை ஒண்டும் கேக்கேல்லை. தகப்பனுக்குச் சொன்ன பொருளை இந்த இங்கிலீசு ஆக்களுக்கும் ஒருக்காச் சொல்லிவிடு."

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. நேர்த்தி வைக்கவில்லை. திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வந்தேன்.

பங்குனியில் வழக்கு நாள். ரெயினில் போகும்போது சுதா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, ப்ளீஸ். ஒரேயொரு ஹெல்ப். இண்டைக்கு உள்ளை ஓம் மட்டும் சொல்லாதேங்கோ."

"ஓம்," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டாள்.

நான் நினைத்த மாதிரிப் பெரிய கோர்ட் இல்லை. ஒரு சாதாரண அறை, ஒரு மேசை, தண்ணீர் வைத்திருந்தார்கள். நீதிபதி ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தில் தொங்கப்போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் திருச்சிப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் எனக்குத் தமிழில் சொல்லுவார். நான் சொல்வதை உடனே ஆங்கிலத்தில் சொல்லுவார்.

"உங்க பேப்பர் எல்லாம் படிச்சிட்டாங்களாம்."

"ஓம்."

"யெஸ்," என்றார் அவர்.

"டிபார்ட்மென்ட் என்ன சொல்றாங்கன்னா..."

"ஓம்."

"யெஸ்."

"நீங்க உங்க விருப்பத்துலதான்..."

"ஓம்."

"யெஸ்."

"வேலையை விட்டுட்டீங்கன்னு சொல்றாங்க."

"ஓம்."

"யெஸ்."

மேசைக்குக் கீழே சுதா என் காலை மிதித்தாள். நீதிபதியின் பேனா நின்றுவிட்டது. "அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை!" என்றேன்.

"இப்போதுதானே யெஸ் என்றீர்கள்?"

சுதா ஏதோ சொல்ல எழும்பினாள், நீதிபதி கையைக் காட்டி இருக்கச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டூட்டிங் வீட்டுச் சாவி என் பொக்கெட்டில் இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டேன். இந்த நாட்டில் எனக்கு எந்த இடத்திலும் ஏதாவது ஒரு கெட்டித்தனம் தோன்றும். அந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. முருகா என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். அது ஒன்றுதான் வந்தது.

நீதிபதி என்னைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ஏதோ ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க அந்த வேலையை..."

"ஓம்," என்றேன்.

அவர் மேலே சொல்லவில்லை. சும்மா இருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், சொல்லுங்கோ," என்றேன்.

நீதிபதி கேட்டார், அவர் மொழிபெயர்த்தார். "அந்த வேலையை என்ன செஞ்சீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் இன்னும் கேட்டு முடிக்கேல்லையே!"

அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

நீதிபதி என்ன சொல்லிக் கொடுத்தார் என்று சுதா பிறகுதான் எனக்குச் சொன்னாள். கேள்வியைக் கேளுங்கள், ஆனால் கடைசிச் சொல்லுக்கு முதல் நிறுத்திவிடுங்கள் என்றாராம். எங்கள் மொழியில் விட்டேனா, விடவில்லையா, செய்தேனா, செய்யவில்லையா என்கிறது கடைசியில்தானே வரும்? அது வர முதலே ஒரு மனிதன் யெஸ் என்று சொல்கிறான் என்றால், அவன் எதற்குச் சம்மதிக்கிறான்? இதை அந்த அம்மாவுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சுதா எழுதிக் கொடுத்ததில் இது இல்லை. மொழிபெயர்ப்பாளரும் சொல்லவில்லை. தமிழ் ஒரு சொல் தெரியாத ஒருவருக்கு, எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரியும் யார் சொன்னது என்று.

பிறகு நீதிபதி சிவத்தின் கதைக்கு வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "உங்களை வேலையால் நிறுத்துவதாக யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். இந்த முறை கேள்வி முடியும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இல்லை அம்மா. எங்கடை ஆக்கள் அப்பிடிச் சொல்ல மாட்டினம். ஆறுதலா இருங்கோ எண்டுவினம்."

"உங்கள் வேலையை இப்போது யார் செய்கிறார்?"

"ஒருத்தர் செய்யிறார். மூட்டை அடுக்கத் தெரியாது."

அதையும் எழுதிக்கொண்டார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டபோது, அலுவலகத்தின் முடிவு பிழை, வெட்டியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, நானும் நன்றாக யோசித்த பிறகு, ஓம் என்றேன்.

"யெஸ்," என்றார் அவர்.

திரும்பி வரும்போது சுதா சொன்னாள், "அப்பா, நான் சொன்னதை நீங்கள் கேட்டிருந்தால் இண்டைக்குத் தோத்திருப்பம்." அது உண்மை. வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு தேங்காய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் தேங்காயைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் வேலை. ஜொப் சென்டர்ப் பிள்ளைதான் சொல்லி அனுப்பினான். அங்கே பெட்டி அடுக்குகிற முறையை நான் போன முதல் கிழமையே மாற்றிவிட்டேன். டூட்டிங் வீட்டில்தான் இருக்கிறோம். நான் இப்போது யாராக இருந்தாலும் கதை முடியும் வரைக்கும் பேசாமல் கேட்கிறேன். போனில் கதைக்கிறவர்கள் லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து, "ஹலோ, அண்ணை, நிக்கிறியளோ?" என்கிறார்கள். சிவத்தையும் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். எப்படி அண்ணை என்று கேட்டார். ஆறுதலாக இருக்கிறேன் என்றேன். எனக்கு அவரில் கோபம் இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படி வெட்டு வந்திருந்தால், முதல் 'நோ'வோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது 'நோ'வோடும் நிற்காதீர்கள். அப்பீல் போடுங்கள், ஆள் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சுதாவிடம் அனுப்புகிறேன். மொழிபெயர்க்கிறவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் ஓம் இரண்டு வகை என்று. எல்லாம் செய்த பிறகு முருகனிடம் போய், எந்த இடத்தில் விழுந்தீர்களோ அந்த இடத்தைக் காட்டுங்கள். அவர் வேறு கயிறு தேட மாட்டார். உங்களை இழுத்து விழுத்திய கயிற்றாலேயே தூக்குவார். நான் கண்டேன், அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை எங்கள் செயலாளர் இந்த விசயத்தை வழிபாட்டில் எடுத்துச் சொன்னார். முருகன் அருளால் ஓர் அடியாருக்கு வழக்கு வென்றது என்றார். எல்லோரும் அரோகரா சொன்னீர்கள். நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஓமுக்குப் பொருள் சொன்னது முருகன், மறுக்கவில்லை. பொருள் சொல்ல வேண்டுமென்றால் முதலில் யாராவது ஓம் சொல்ல வேண்டும். அத்தனை ஓமையும் சொன்னது நான். மகள் காலை மிதிக்க மிதிக்கச் சொன்னேன்.

ஆகவே, இதை எங்கள் வழிபாட்டு மலரில் அச்சடிக்கும்போது ஓர் அடியார் என்று போட வேண்டாம். வல்லிபுரம் தர்மலிங்கம், டூட்டிங் என்று முழுப்பெயரைப் போடுங்கள். முருகனுக்குக் கீழே போடுங்கள், அது முறை. ஆனால் எழுத்து அதே அளவில் இருக்க வேண்டும்.